தொட்டுப் பார்க்காதவர்களின் பின்போல்

“நீங்கள் ஆராவது ஒரு பின்போல் மெஷினை நேரில கண்டிருக்கிறியளா?”

அடுத்த கட்டுரைக்கு என்ன விஷயம் எடுக்கலாம் என்று கன்டீனில் கதைத்துக்கொண்டிருந்தபோது எங்களுக்கு மேல் பட்ச் அண்ணா ஒருவர் கேட்ட கேள்வி இது. எங்களில் ஆரும் கண்டதில்லை. “பிறகென்னத்துக்கு? அதிலயும் ஆருக்கும் தெரியாத கொம்பனி, ஆருக்கும் தெரியாத மெஷின் எண்டு தேடித் தேடி எழுதப்போறியளாம். அது அமெரிக்காவில வீட்டுக்குக் கீழ பத்து மெஷின் அடுக்கி வச்சிருக்கிறவன்ர பொழுதுபோக்கு. உங்களுக்கு ஏன் அது?”

அந்த நேரம் எங்களிடம் ஒழுங்கான பதில் இருக்கவில்லை. மிச்ச ரோல்ஸைச் சாப்பிட்டுவிட்டு எழும்பி வந்துவிட்டோம். இது அந்தப் பதில். கொஞ்சம் நீளம்தான், அண்ணா பொறுத்துக்கொள்ள வேணும்.

முதலில் ஒரு திருத்தம். நாங்கள் கண்டதில்லை, ஆனால் விளையாடியிருக்கிறோம். நீங்களும் விளையாடியிருப்பீர்கள். பள்ளிக்கூடத்துக் கணினி அறையிலோ மாமா வீட்டிலோ எக்ஸ்பி போட்ட பழைய கொம்பியூட்டர் ஒன்று இருந்திருக்கும். அதில் ‘ஸ்பேஸ் கடெட்’ இருந்திருக்கும். இடது தட்டுக்கு இசட், வலது தட்டுக்குச் சாய்கோடு, ஸ்பேஸ்பாரை அமத்திப் பிடிச்சு விட்டால் குண்டு மேலே பாயும். ‘ஹிடின் டெஸ்ட்’ என்று ஆங்கிலத்தில் தட்டினால் குண்டை மவுசால் பிடித்து இழுக்கலாம் என்ற ரகசியத்தை வைத்து ஒரு தவணை முழுக்க வகுப்பில் ராசாவாகத் திரிந்த ஒருத்தன் எங்கள் நடுவிலேயே இருக்கிறான்.

சரி, அதை ஆர் செய்தது? மைக்ரோசொஃப்ட் என்றுதான் நாங்களும் நினைத்திருந்தோம். அது 1995இல் மக்ஸிஸ் கொம்பனி வெளியிட்ட ‘ஃபுல் டில்ட்! பின்போல்’ என்ற விளையாட்டின் ஒரு துண்டு. செய்தவர்கள் டெக்சாஸில் இருந்த சினமட்ரோனிக்ஸ் என்ற சின்னக் குழு. முழு விளையாட்டில் மூன்று மேசைகள் இருந்தன. விண்டோஸுக்குள் வந்தது ஒன்றே ஒன்று. ‘ஸ்கல்டகரி’ என்ற கடற்கொள்ளையர் மேசையும் ‘டிராகன்ஸ் கீப்’ என்ற மேசையும் அதே ஆக்களின் கைவேலைதான், ஆனால் உலகத்தில் கோடிக்கணக்கான ஆக்களுக்கு அவை பிறக்கவே இல்லை. பிறகு கொம்பியூட்டர்கள் 64-பிட்டுக்கு மாறினபோது குண்டு எல்லாத்தையும் ஊடறுத்துக்கொண்டு கீழே விழத் தொடங்கினது, பிழையைக் கண்டுபிடிக்க நேரமில்லை என்று மைக்ரோசொஃப்ட்காரர் அந்த ஒன்றையும் எடுத்துவிட்டார்கள். இதை அந்த வேலையில் இருந்த ரேமண்ட் சென் பின்னாளில் எழுதியிருக்கிறார்.

மூன்றில் ஒன்றுதான் எங்களுக்குக் கிடைச்சது. எந்த ஒன்று என்பதைத் தீர்மானித்தது ஆட்டத்தின் தரமா, இல்லை. வேறொரு பெரிய கொம்பனியின் பெட்டிக்குள் எது போய் ஏறியது என்பதுதான். இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டு உண்மையான மெஷின்களின் வரலாற்றை வாசிக்கப் போனால் அங்கேயும் அதே கதை.

தெரியாதவர்களுக்காக ஒரு பந்தி. பின்போல் மெஷின் என்பது கால் வைத்த ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ளே ஏறத்தாழ ஆறரைப் பாகை சரிவில் ஒரு பலகை. ஏறக்குறைய 80 கிராம் உருக்குக் குண்டு ஒன்று மேலிருந்து உருண்டு வரும். கீழே இரண்டு தட்டுகள், பெயர் பிளிப்பர். பொத்தானை அமத்தினால் மின்காந்தச் சுருள் இழுத்து அந்தத் தட்டு அடிக்கும். குண்டைக் கீழே விழவிடாமல் மேலே இருக்கிற இலக்குகளுக்கு அடிக்க வேணும். அவ்வளவுதான். இதை வைத்து எழுபது, எண்பது வருசமாக ஆயிரக்கணக்கான வடிவங்கள் செய்திருக்கிறார்கள்.

அந்த வரலாற்றை எப்பிடிச் சொல்கிறார்கள் என்று பாருங்கள். சிக்காகோ, கொட்லீப், பாலி, வில்லியம்ஸ். (பாலியைச் சரியாக உச்சரித்து எங்கட எழுத்தில் எழுதப்போனால் சுவரில் ஓடுற பல்லியாகிவிடும், அதனால் பாலியே இருக்கட்டும்.) பிறகு 1992இல் வந்த ‘அடம்ஸ் ஃபமிலி’, 20,270 மெஷின் விற்றது. பிறகு 1997இன் ‘மெடீவல் மட்னஸ்’. பிறகு 1999இல் வில்லியம்ஸ் பின்போலை மூடியது, எல்லாரும் அழுதார்கள். முடிஞ்சுது. எந்தப் பட்டியலை எடுத்தாலும் மேலே இருப்பது இந்தப் பெயர்கள்தான். நாங்கள் அந்த மெஷின்களைக் குறை சொல்லவில்லை. பட் லோலரும் லரி டிமாரும் சேர்ந்து செய்த அடம்ஸ் ஃபமிலி கெட்டிக்கார வேலை, மறுக்க ஏலாது. ஆனால் 20,270 என்ற எண்ணைத் திரும்பத் திரும்பச் சொல்லுகிறபோது எங்களுக்கு ஏதோ தேர்தல் முடிவு வாசிக்கிற மாதிரி இருக்குது. வென்றவனுக்கு மாலை, தோற்றவன் கட்டுக்காசும் இழந்தான்.

இப்ப எங்கட சண்டைக்கு வருவோம். இந்த விளையாட்டின் அடிப்படையே தோற்ற பக்கத்திலிருந்துதான் வந்தது.

பிளிப்பர் உள்ள முதல் மெஷின் கொட்லீப்பின் ‘ஹம்ப்டி டம்ப்டி’, 1947, வடிவமைத்தவர் ஹரி மப்ஸ். அதில் ஆறு பிளிப்பர்கள், பலகையின் இரண்டு பக்கத்திலும் மூன்று மூன்றாக. இன்றைக்கு நாங்கள் பின்போல் என்று சொன்னதும் கண்ணில் வருகிற படம், கீழே நடுவில் இரண்டே இரண்டு பிளிப்பர் நிற்பது, அதில் இல்லை. அது 1948இல் ‘ட்ரிப்பிள் அக்‌ஷன்’ என்ற மெஷினில் வந்தது. கொம்பனியின் பெயர் ஜென்கோ. இன்றைக்கு ஆருக்குத் தெரியும் ஜென்கோவை? வடிவமைத்தவர் ஸ்டீவ் கோர்டெக். மழைக்கு ஒதுங்கி ஒரு கட்டடத்துக்குள் போய், அங்கே இருந்தவர் வேலை தேடி வந்தீரோ என்று கேட்க, அப்பிடியே ஜென்கோவில் சேர்ந்தவர். ஜென்கோ காசைப் பார்த்துப் பார்த்துச் செலவழிக்கிற இடம். ஆறு பிளிப்பருக்குச் செலவு கூட, இரண்டு போதுமே என்று யோசித்திருக்கிறார். இரண்டையும் கீழே வைத்து, ஓட்டத்தைக் கூட்டி, பலமாக அடிக்க வைத்தார். சின்னக் கொம்பனியின் கஞ்சத்தனத்தில் பிறந்த அந்த இரண்டு தட்டைத்தான் பிறகு எல்லாப் பெரிய கொம்பனியும் எடுத்தது. ஸ்பேஸ் கடெட்டில் நாங்கள் இசட்டையும் சாய்கோட்டையும் தட்டினதே கோர்டெக்கின் மிச்சம் பிடித்த காசில்தான். மனிதர் 2012இல் நூறு வயதில் இறந்தார்.

ஆகவே “ஆருக்கும் தெரியாத கொம்பனியைப் பற்றி என்னத்துக்கு” என்று கேட்பது, வேரை ஏன் பார்க்கிறாய், பழத்தைப் பார் என்கிற மாதிரி.

அடுத்தது இத்தாலி. எங்களுக்கு உண்மையில் மனம் விழுந்த இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நிற்போம். பொலோஞ்ஞா நகரத்தில் மரினோ, ஃபிராங்கோ, நத்தாலே என்ற மூன்று சகோதரர்கள் 1974இல் ஆரம்பித்த கொம்பனி ஸக்காரியா. ஒரு காலத்தில் பாலிக்கும் வில்லியம்ஸுக்கும் அடுத்து உலகத்தில் மூன்றாவது பெரிய பின்போல் கொம்பனி என்று சொல்லப்பட்டது. மூன்றாவது! ஆனால் சாதாரணமாகப் பின்போல் பற்றிக் கதைக்கிற ஒருவரிடம் பெயரைச் சொன்னால் முழிப்பார். ஏனென்றால் கதை எழுதினது அமெரிக்காவில், ஸக்காரியா மெஷின் நின்றது ஐரோப்பிய பார்களில்.

ஸக்காரியாவின் ‘ஃபர்ஃபல்லா’ 1983இல் வந்தது. பெயருக்கு வண்ணத்துப்பூச்சி என்று அர்த்தம். அதே வருசம் ‘டைம் மெஷின்’. அடுத்த வருசம் ‘டெவில் ரைடர்ஸ்’. 1982இல் இத்தாலி உலகக்கிண்ணம் தூக்கின வருசத்தில் ‘சொக்கர் கிங்ஸ்’. இவற்றில் பெரும்பாலானவற்றில் சினிமா இல்லை, நடிகர் முகம் இல்லை, வாங்கிப் போட்ட உரிமம் இல்லை. ஓவியர் என்ன கனவு கண்டாரோ அதுதான் கண்ணாடியில். ஃபர்ஃபல்லாவின் இசை ஒருக்கால் காதில் ஏறினால் இறங்காது, பரீட்சை மண்டபத்தில் எங்களில் ஒருத்திக்கு அது ஓடிக்கொண்டே இருந்ததாம். அமெரிக்க மெஷின்களின் கணக்குப் பிசகாத ஓட்டம் இவற்றில் இல்லை என்று ஆர்வலர்கள் குறை சொல்வார்கள். உண்மைதான், குண்டு சிலநேரம் அநியாயத்துக்கு விழும். எங்களுக்கு அது பிடிச்சிருக்கு.

எங்கே விளையாடினீர்கள் என்று கேட்பீர்கள். போனில். ஹங்கேரியில் இருக்கிற மஜிக் பிக்சல் என்ற சின்ன நிறுவனம் ஸக்காரியாவின் மெஷின்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கணினி விளையாட்டாகச் செய்து வைத்திருக்கிறது. அமெரிக்காவில் ஆரும் தீண்டாத மெஷின்களை ஹங்கேரிக்காரர் எடுத்துச் செய்ய, அதை நாங்கள் விடுதிக் கட்டிலில் படுத்துக்கொண்டு விளையாடுகிறோம். இது ஒரு பாதை. இந்தப் பாதையில் எந்தப் பணக்காரச் சேகரிப்பாளருடைய வீடும் இல்லை.

ஸ்பெயினைச் சொல்லாமல் விட ஏலாது. அங்கே பின்போலுக்கு ஊர்ப்பெயர் ‘பெத்தாக்கோ’. அது ஒரு ஸ்பானியக் கொம்பனியின் பெயர். கொம்பனி போய்விட்டது, பெயர் சனத்தின்ர வாயில் பொதுச்சொல்லாக நிலைச்சுவிட்டது. எந்த முதல் நூறு பட்டியலிலும் இடம் கிடைக்காத ஒரு கொம்பனி ஒரு மொழிக்குள் இடம் பிடிச்சிருக்கு. இதை எந்தத் தராசில நிறுக்கிறது?

பிரேசில் இன்னும் சிக்கலான கேஸ். அங்கே வெளிநாட்டு மெஷின்களை இறக்கக் கட்டுப்பாடு இருந்த காலத்தில் தைத்தோவின் பிரேசில் கிளை அமெரிக்க மெஷின்களின் வடிவத்தை எடுத்து, படத்தை மாற்றி, பெயரை மாற்றி உள்ளூரிலேயே கட்டினது. ஸ்டீவ் ரிச்சி 1980இல் வில்லியம்ஸுக்குச் செய்த ‘பிளக் நைட்’ அங்கே ‘கவலேய்ரோ நெக்ரோ’. பாலியின் ‘பிளேபோய்’ அங்கே ‘ஓபா ஓபா’. ஆர்வலர்களில் கனபேர் இதைக் கேட்டதும் மூக்கைச் சுளித்து “கொப்பி” என்பார்கள். கொப்பிதான். அசல் வடிவமைப்பாளருக்கு அது நியாயமில்லை என்றதையும் ஒத்துக்கொள்கிறோம். ஆனால் ஒரு நாட்டில் ஒரு தலைமுறை முழுக்க அந்தக் கொப்பியில்தான் விளையாடி வளர்ந்தது. அவர்களுக்கு அதுதான் பின்போல். கொப்பி அடித்த பாட்டுப் புத்தகத்திலும் பென்டிரைவில் வந்த படத்திலும் கலை படித்த எங்களுக்கு இதைப் பார்த்துச் சிரிக்க வாய் வராது.

இப்ப மறுபக்கத்துச் சண்டை. எங்கட பக்கத்து ஆக்களோடு.

அறியப்படாத மெஷின்களை விரும்புகிறோம் என்று சொல்லுகிறவர்களில் ஒரு வகை இருக்கு. அவர்களுக்கு மெஷின் முக்கியமில்லை, அது அரிது என்பதுதான் முக்கியம். எங்கட பீடத்திலும் இந்த வகை உண்டு. ஆரும் பார்க்காத ஒரு ஈரானியப் படத்தின் பெயரைச் சொல்லி, நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள் என்று தாங்களே பதிலும் சொல்லி, தேத்தண்ணியை உறிஞ்சுவார்கள். படத்தில் என்ன இருந்தது என்று கேட்டால் இரண்டு வசனம் வராது.

பின்போலில் இந்த நோய்க்குக் காசு சேர்ந்திருக்கிறது. கப்கொம் கொம்பனி 1990களின் நடுவில் கொஞ்சக்காலம் பின்போல் செய்தது. ‘பிக் பாங் பார்’ என்று விண்வெளி மதுச்சாலை ஒன்றை வைத்து 1996இல் ஒரு மெஷின், வடிவமைப்பு ரொப் மொரிசன், ஓவியம் ஸ்டான் ஃபுக்குவோக்கா. பதினான்கு மாதிரி மெஷின் செய்ததும் கொம்பனி பிரிவையே மூடிவிட்டது. அந்தப் பதினான்கு என்ற எண் அதைப் புராணமாக்கினது. பத்து வருசம் கழித்து ஒருவர் இருநூறுக்குக் குறைவான பிரதிகளைத் திரும்பச் செய்தார், அவையும் சேகரிப்பாளர்களின் வீடுகளுக்குள் போய்ச் சேர்ந்தன. பிக் பாங் பார் பற்றிய கதைகளில் பத்துக்கு ஒன்பதில் விலையும் எண்ணிக்கையும்தான். மொரிசன் அந்தப் பலகையில் என்ன யோசித்தார் என்று கதைப்பவர் குறைவு. 20,270ஐக் கும்பிடுகிறவனும் 14ஐக் கும்பிடுகிறவனும் ஒரே கோயிலில்தான் நிற்கிறான். இரண்டு பேருக்கும் எண்தான் சாமி.

அரிதானது எல்லாம் நல்லதும் இல்லை. 1979இல் அட்டாரி ‘ஹெர்க்குலிஸ்’ என்று ஒன்று செய்தது. உலகத்திலேயே பெரிய பின்போல், குண்டு பில்லியட்ஸ் பந்தளவு. நின்று விளையாடினவர்கள் எல்லாரும் சொல்வது, மெதுவாக உருளும், அலுப்படிக்கும் என்பது. நாங்கள் அதற்காக வக்காலத்து வாங்கப் போவதில்லை. ஆனால் ஒரு கூட்டம் பொறியியலாளர்கள் சேர்ந்து இருந்து, குண்டைப் பெருப்பிச்சால் என்ன நடக்கும் என்று கேட்டு, கடைசி வரைக்கும் செய்து பார்த்தார்கள் என்பதை நினைக்க ஒரு சந்தோசம். பிழையான பதிலையும் முழுசாக எழுதின விடைத்தாள் மாதிரி.

எங்களுக்கு எல்லாவற்றையும் விட நெஞ்சில் நிற்கிறது அல்வின் கொட்லீப்பின் கதை. அப்பா டேவிட் கொட்லீப் 1927இல் தொடங்கின கொம்பனியைக் குடும்பம் 1970களில் கொலம்பியா பிக்சர்ஸ் என்ற சினிமாக் கொம்பனிக்கு விற்றது. 1982இல் கொலம்பியாவையே கொக்கா கோலா வாங்கியது. ஹம்ப்டி டம்ப்டி செய்த இடம் இப்ப சோடாக் கொம்பனியின் கணக்குப் புத்தகத்தில் ஒரு வரி. பெயரை மைல்ஸ்டார் என்று மாற்றினார்கள், 1984இல் மூடினார்கள், மிச்சத்தை வேறு ஆக்கள் வாங்கிப் பிரிமியர் என்ற பெயரில் 1996 வரைக்கும் இழுத்தார்கள். இடையில், 1991இல், மகன் அல்வின் திரும்ப முதலிலிருந்து ஒரு கொம்பனி தொடங்குகிறார். கொட்லீப் என்ற பெயர் விற்றாகிவிட்டது, அது இப்ப அவருடையதில்லை. அதனால் ‘அல்வின் ஜி.’ என்று ஒற்றை எழுத்தோடு நிறுத்தினார். தன்ர வீட்டுப் பெயரின் முதலெழுத்தைத் தவிர மிச்சத்தைப் பாவிக்க ஏலாத நிலை.

அந்த ஒற்றை எழுத்துக் கொம்பனி என்ன செய்தது தெரியுமா? இரண்டு பேர் எதிரெதிரே நின்று விளையாடுகிற ‘சொக்கர் போல்’. மேசையின் நடு உயரம், இரண்டு பக்கமும் சரிவு, உன்ர பக்கத்துக்கு வந்த குண்டை நீ அடி, என்ர பக்கத்துக்கு வந்தால் நான். தனியாக நின்று புள்ளி சேர்க்கிற விளையாட்டை ஆளுக்கு ஆள் முகம் பார்க்கிற விளையாட்டாக்கிப் பார்த்தார்கள். பிறகு ‘அல்’ஸ் கராஜ் பாண்ட்’, ‘மிஸ்ரரி கசில்’, ‘பிஸ்டல் போக்கர்’. எல்லாம் சின்ன எண்ணிக்கை. 1994இல் கொம்பனி மூடியது. வியாபாரக் கணக்கில் தோல்வி. ஆனால் அடம்ஸ் ஃபமிலி கொடிகட்டிப் பறந்த அதே வருசங்களில், படத்தின் உரிமம் வாங்கக் காசில்லாமல், ஒரு கராஜில் பாட்டுப் படிக்கிற கற்பனைக் குழுவை வைத்து மெஷின் செய்துகொண்டிருந்தவர்கள் இவர்கள். வரலாறு எழுதுகிறவர்கள் இவர்களுக்கு அடிக்குறிப்புக் கொடுப்பார்கள். நாங்கள் ஒரு அத்தியாயம் கேட்கிறோம்.

பெயர் என்று வந்ததால் இன்னொன்று. நாவலுக்கு அட்டையில் ஆசிரியர் பெயர் இருக்கும். பழைய பின்போல் மெஷினில் கொம்பனியின் பெயர் மட்டும்தான். கொட்லீப் மெஷின்களின் கண்ணாடிகளில் வருசக்கணக்காகப் படம் கீறினவர் ரோய் பார்க்கர், சிக்காகோவில் இருந்த அட்வர்டைசிங் போஸ்டர்ஸ் என்ற அச்சகத்தின் ஓவியர். அவருடைய படங்களைப் பார்த்துக் காசு போட்டவர்களுக்கு அவர் பெயர் தெரியாது. அந்தக் காலத்துத் தொழிற்சாலைப் படங்களைப் பார்த்தால் வயர் கட்டுகிற மேசைகளில் வரிசையாகப் பெண்கள். அவர்கள் பெயர் இன்றைக்கும் ஆருக்கும் தெரியாது. அறியப்படாத மெஷின்களைப் பாராட்டுகிறோம் என்று கிளம்பினால் இது வரைக்கும் வர வேணும். வராவிட்டால் அது வெறும் சாமான் ஆசை.

அண்ணாவின் மற்றக் கேள்விக்கு வருகிறோம். தொட்டுப் பார்க்காமல் என்ன எழுத்து?

இதில் அவருக்கு அரைவாசி நியாயம் இருக்கு. மெஷினுக்குள் ஒரு வளையத்தின் நடுவில் ஒரு கூர்க்குண்டு தொங்கும். ஆட்டுகிறவன் அளவுக்கு மிஞ்சி ஆட்டினால் அது வளையத்தில் முட்டி ‘டில்ட்’ என்று ஆட்டத்தை நிறுத்திவிடும். அளவாக ஆட்டினால் விழப்போகிற குண்டைக் காப்பாற்றலாம். அந்த அளவு கைக்கும் இடுப்புக்கும்தான் தெரியும். போனில் அது இல்லை. நாங்கள் எழுதுகிறதில் அந்த ஓட்டை இருக்கு, மறைக்கவில்லை.

ஆனால் தொட்டவர்கள்தான் எழுதலாம் என்றால், புதுசு ஒன்று ஏறத்தாழ 7,000 டொலரில் தொடங்குகிற சாமானைப் பற்றி ஆர் எழுதுவார்? வாங்கினவர் எழுதுவார். வாங்கினவருக்குத் தான் வாங்கினது நல்லதென்று சொல்ல ஒரு தேவை இருக்கும். முதல் நூறு பட்டியல்களின் ரகசியம் பாதி இதுதான் என்று நாங்கள் சந்தேகப்படுகிறோம். எங்களுக்கு விற்கவும் ஒன்றுமில்லை, வாங்கவும் ஒன்றுமில்லை. ஃபர்ஃபல்லா நல்லது என்று நாங்கள் சொன்னால் அதன் விலை ஒரு சதமும் ஏறாது.

வேறு வழி இருக்கு என்பதையும் சிலர் செய்து காட்டியிருக்கிறார்கள். புடாபெஸ்டில் ஒரு நிலவறையில் நூற்றுக்கு மேற்பட்ட மெஷின்களை வைத்த அருங்காட்சியகம் இருக்கிறது. வாசலில் ஒருக்கால் நுழைவுக்காசு கட்டினால் நாள் முழுக்க எதையும் விளையாடலாம். கலிபோர்னியாவில் அலமீடாவிலும் அப்பிடி ஒன்று. அங்கே மெஷின் பழுதாகும், ரப்பர் தேயும், சின்னப் பெடியள் அடிப்பார்கள். பூட்டின அறையில் மினுக்கி வைத்த மெஷினை விட அடிபட்டுத் தேய்கிற மெஷினுக்குத்தான் மரியாதை என்று நாங்கள் நம்புகிறோம். எங்கள் பட்சில் ஆராவது எப்பவாவது புடாபெஸ்ட் போனால், எங்களுக்காக ஒரு ஸக்காரியாவை இடுப்பால் ஒரு இடி இடிச்சு, டில்ட் வந்ததா என்று எழுதி அனுப்புங்கள்.

கட்டுரையை அனுப்ப முதல் அண்ணாவுக்கு வாசிக்கக் குடுத்தோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாளால் ஒரு ஸ்கிரீன்ஷொட் வந்தது, டைம் மெஷின், இரவு 1.40க்கு எடுத்தது. எங்களில் ஒருத்தரும் இன்னும் அந்தப் புள்ளியைத் தாண்டவில்லை.